ஆடியில் தள்ளுபடி வேண்டாம், மாதிரிக் கூடை கட்டுங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் பரிசுக் கூடைக் கடை வைத்து இது மூன்றாவது வருஷம். தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் மூச்சு விட நேரமிருப்பதில்லை. மற்ற மாதங்களில் வாடகைக்கே திணறுகிறேன். போன ஆடியில் ஊரெல்லாம் போடுகிறார்களே என்று நானும் 20 சதவீதம் தள்ளுபடி போட்டேன். கூட்டம் வந்தது, கையில் ஒன்றும் நிற்கவில்லை. காதலர் தினம், நண்பர்கள் தினம் என்றும் செய்து பார்த்தேன், எடுபடவில்லை. எந்த மாதம் என்ன சலுகை, என்ன நிகழ்ச்சி என்று வருஷத்துக்கும் சேர்த்து எப்படித் திட்டம் போடுவது அக்கா? ஒரு கூடையின் கணக்கையும் இத்துடன் எழுதியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, கோபி

பதில்:

அன்புள்ள அம்மிணி,

நீங்கள் எழுதிய அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். கூடையின் விலை 1,000 ரூபாய். உள்ளே வைக்கும் பொருள் 620. கூடை, ரிப்பன், அட்டை, கட்டுக்கூலி 130. மிச்சம் 250. இதில் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 200 ரூபாய் போய்விடுகிறது, உங்களுக்கு நிற்பது 50. சாதாரண நாளில் ஒரு கூடையில் வருகிற காசுக்கு ஆடியில் ஐந்து கூடை கட்டியிருக்கிறீர்கள். வாடகையும் கரண்டும் இன்னும் கழிக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் ஆடியில் விலையைக் குறைப்பது தேங்கிய சரக்கைத் தள்ளிவிட. உங்கள் கடையில் சரக்கு தேங்கினால் அது பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும்தான், காலாவதித் தேதி அதைச் சும்மா விடாது. அதனால் அவர் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது.

சரி, அப்படியானால் ஆடியில் என்ன செய்வது? என் பதில், ஆடிதான் உங்கள் தீபாவளி. விளக்கமாகச் சொல்கிறேன்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. 2025இல் அக்டோபர் 20. தேதி இப்படி நகர்வதால் போன வருஷ டைரியைப் பார்த்து வேலை தொடங்க முடியாது, பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மில்லும் பனியன் கம்பெனியும் போனஸ் போடும் கையோடு பரிசையும் கொடுத்துவிடப் பார்க்கும். ஆக, அக்டோபர் கடைசி வாரத்தில் கூடை அவர்கள் வாசலில் இறங்கியாக வேண்டும். முந்நூறு கூடை கட்டப் பத்து நாள். மொத்தப் பொருள் வந்து சேர மூன்று வாரம். அப்படியென்றால் செப்டம்பர் நடுவிலேயே ஆர்டர் உறுதியாக வேண்டும். அதற்கு முன்னால் மாதிரி பார்க்க வேண்டும், விலை பேச வேண்டும், முதலாளி “யோசிச்சுச் சொல்றேனுங்க” என்று இரண்டு வாரம் இழுப்பார். எண்ணிப் பார்த்தால் ஆகஸ்டில் வந்து நிற்கிறது. ஆகஸ்டில் பாதி ஆடி.

அக்டோபரில் வந்து “ஏனுங்க, நூறு கூடை வேணுமுங்க, நாளான்னிக்குக் குடுத்துருவீங்களா?” என்று கேட்பவர்களை நம்பித்தான் இரண்டு வருஷமும் ஓட்டியிருக்கிறீர்கள். அவர்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய ஆர்டர்கள் அதற்கு இரண்டு மாதம் முன்பே வேறு யார் கைக்கோ போய்விட்டிருக்கும். கடை காலியாகக் கிடக்கும் ஆடி நாட்களில் மூன்றே மூன்று மாதிரிக் கூடை கட்டுங்கள்: 350 ரூபாய்க்கு ஒன்று, 600க்கு ஒன்று, 1,200க்கு ஒன்று. தூக்கிக்கொண்டு பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டை, பவானி, சத்தியமங்கலம், முடிந்தால் திருப்பூர் வரை போய்வாருங்கள். அரிசி ஆலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை எதையும் விடாதீர்கள். சலுகையை இங்கே வையுங்கள்: ஆகஸ்டுக்குள் பாதிப் பணம் கட்டி உறுதி செய்தால் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட வாழ்த்து அட்டையும் வண்டிச் செலவும் இலவசம். உங்களுக்குக் கூடைக்கு இருபது ரூபாய் ஆகலாம். அந்த முன்பணத்தில் நீங்கள் பொருளை மொத்த விலைக்கு எடுக்கும்போது அது திரும்பி வந்துவிடும். கடனுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். “பொங்கலுக்குள்ள செட்டில் பண்ணிர்றோமுங்க” என்று சொல்லும் இடம் எவ்வளவு பெரியதானாலும், உங்கள் அளவுக் கடையால் அதுவரை தாங்க முடியாது.

இதற்கு ஒரு ஒத்திகையும் இருக்கிறது. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் வருகிற ஆயுத பூஜை. நம் பக்கத்தில் லேத் பட்டறை, தறிப்பட்டறை, லாரி ஷெட் என்று பூஜை போடாத இடமே கிடையாது. பொரி, பொட்டுக்கடலை, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, சந்தனம், குங்குமம், எலுமிச்சை வைத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும்படி 120 ரூபாய்க்கு ஒரு சின்னப் பை. மஞ்சள் துணிப்பையிலேயே போடலாம். லாபம் குறைவுதான். ஆனால் பட்டறைக்காரர் உங்கள் கைவேலையைப் பார்த்துவிடுவார், நீங்களும் அவர் பணம் கொடுக்கும் விதத்தைப் பார்த்துவிடுவீர்கள்.

ஆடிக்கே உரிய கூடைகளும் உண்டு. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறக்கிறது. சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு பக்கம் அன்றைக்குத் தேங்காய் சுடுவோம் அல்லவா? கோவையில் அடுக்குமாடிக்குக் குடிபோன நம் ஊர்க் குடும்பங்களுக்கு, தேங்காயைச் செருகிச் சுடும் அழிஞ்சிக் குச்சி எங்கே கிடைக்கும்? நார் உரித்துத் தேய்த்த தேங்காய் நாலு, சீவிய அழிஞ்சிக் குச்சி நாலு, வறுத்த எள், பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரை தனித்தனிப் பொட்டலமாக, பூசுவதற்குக் கொஞ்சம் மஞ்சள். தாத்தா பாட்டி இங்கிருந்து பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புகிற மாதிரி விற்கலாம். ஆனி கடைசி வாரமே அனுப்பிவிட வேண்டும். ஆடி 18க்கு மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, வளையல், குங்குமம் வைத்த தட்டு. பவானி கூடுதுறைக்குப் போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் வாங்குவார்கள், அன்றைக்கு மட்டும் இரவு பத்து மணி வரை கடையைத் திறந்து வையுங்கள்.

நிகழ்ச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்து நிகழ்ச்சி வேண்டாம். ஒன்றை வைத்து அதை ஒழுங்காகச் செய்யுங்கள். ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் முகூர்த்தம் தொடங்குகிறது. கல்யாண வீட்டுப் பெண்கள் ஆடியின் கடைசி இரண்டு வாரத்தில்தான் சாமான் சேர்ப்பார்கள். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடையில் சீர்த்தட்டு பார்க்கக் கூப்பிடுங்கள். சும்மா அடுக்கி வைத்துவிட்டு நிற்காதீர்கள். நாலு கல்யாணத்தை முன்னால் நின்று நடத்திய பெரியம்மா ஒருவர் உங்கள் ஊரில் நிச்சயம் இருப்பார், அவரைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வையுங்கள். கல்யாணத்தை உறுதி செய்யும் உப்பு சக்கரைக்கு என்ன எடுத்துப் போவது, மாப்பிள்ளையோடு அவர் சகோதரியும் சேர்ந்து நடக்கும் இணைச்சீருக்கு என்ன, தாய்மாமன் சீருக்குத் தட்டு ஏழா, ஒன்பதா, பதினொன்றா, எந்தத் தட்டு முன்னால் போக வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல இந்தக் காலத்துப் பெண்கள் போனில் குறித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். படித்து வேலைக்குப் போகிற பிள்ளைகள், மாமியார் வீட்டில் போய்த் தப்பாகிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் பயம் அவர்களுக்கு. குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறும் என்பதையும் அந்தப் பெரியம்மாவே சொல்லிவிடுவார். ஆளுக்கு ஒரு ஒப்புட்டும் (போளி) காபியும் கொடுங்கள். பதினைந்து பேர் வந்தால் போதும்.

வந்தவர்கள் அன்றைக்கே வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு கெட்டி அட்டை நோட்டுப் போட்டு, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் பெயர், தேதி, அம்மாவின் போன் நம்பர் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வருஷத் திட்டம் அந்த நோட்டில்தான் இருக்கிறது. ஆவணியில் கல்யாணம் என்றால் அடுத்து வருவது தலைதீபாவளி, அதற்கு ஒரு கூடை. தை பிறந்தால் பொங்கல் சீர். அடுத்த ஆடிக்குப் பெண்ணை அழைக்கும்போது ஆடிச் சீர். அப்புறம் கடவுள் புண்ணியத்தில் வளைகாப்பு, கட்டுச்சோறு. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் முன்னால் நீங்களே போன் செய்து, “அம்மா, பாப்பாவுக்குத் தலைதீபாவளி வருதுங்களே, ஏதாச்சும் யோசனை பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டால் போதும். எந்த விளம்பரமும் அந்த ஒரு போனுக்கு ஈடாகாது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை, பெண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது என்பதுபோல அவர்கள் சொல்வதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.

பொங்கலுக்குக் கோவைப் பக்கம் அனுப்பும் கூடையில் பச்சரிசி, நாட்டுச்சர்க்கரை, மஞ்சள் கொத்தோடு, காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து ஒரு கட்டாக வையுங்கள். நகரத்தில் அதற்குத்தான் அலைவார்கள். பூ வாடிவிடும் என்பதால் போகிக்கு முந்தின நாள் பறித்து ஈரத்துணியில் சுற்றி அனுப்ப வேண்டும். மார்கழியில் பாரியூர் குண்டம் (தீமிதி), பங்குனியில் பண்ணாரி குண்டம் என்று வீடு நிறைய உறவினர் வருகிற நாட்களும் உங்கள் ஊருக்கு உண்டு. ஊருக்குத் திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்ப 200 ரூபாய்க்குள் ஒரு பை இருந்தால் விற்கும். கிறிஸ்துமஸ், ரம்ஜான் இரண்டுக்கும் அந்தந்த வீட்டார் யாரையாவது கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ரம்ஜான் வருஷத்துக்குப் பதினொரு நாள் முன்னால் நகரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காதலர் தினத்தை விட்டுவிடலாம். மார்ச் 8 மகளிர் தினத்துக்கு மட்டும் நிறுவனங்களைக் கேட்டுப் பாருங்கள்.

இனிக் கூடைக்குள் வைக்கும் பொருள் பற்றி. எனக்கு ஈரோட்டில் கடை வைத்த நான்காவது வருஷம் நடந்தது இது. ஒரு நிறுவனத்துக்கு 180 கூடை. வறுத்த முந்திரியும் வாசனை மெழுகுவத்தியும் ஒரே கூடையில், நாலு நாள் பூட்டிய அறையில் இருந்தன. கொடுத்த அன்று மாலை அங்கே வேலை பார்க்கும் பையன் ஒருவன் வந்து முந்திரிப் பாக்கெட்டை என் மேசைமேல் பிரித்து வைத்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மல்லிகைப்பூவைக் கடித்த மாதிரி இருந்தது. 180 பாக்கெட்டையும் மாற்றிக் கொடுத்தேன், அந்தத் தீபாவளி லாபம் அதோடு தீர்ந்தது. மெல்லிய பிளாஸ்டிக் உறை வாசனையை நிறுத்தாது. ஊதுபத்தி, சோப்பு, மெழுகுவத்தி வைப்பதானால் தின்பண்டம் டப்பாவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

மூங்கில் கூடையை ஐப்பசியில் வாங்காதீர்கள். மழையில் முடைந்த கூடை காயாமல் வந்து பூஞ்சை பிடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் முடைந்ததை வாங்கி, காற்றோட்டமான பரணில் அடுக்கி வையுங்கள். முடைகிறவர்களுக்கும் அது வேலை இல்லாத நாளில் கிடைக்கும் காசு.

ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் இன்னொன்று. பல பொருளைக் கூடையில் வைத்து மொத்தமாக ஒரே விலை போட்டால் சட்டம் அதைக் கலப்பு வழங்கலாக எடுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பதில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதம் முழுக் கூடைக்கும் வரும். உலர்பழமும் சாக்லேட்டும் 5 சதவீதம்தான், ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் கோலா மாதிரி காற்றடைத்த பானத்துக்கு 40. அழகுக்கு ஒரு கோலா பாட்டிலைச் சொருகினால் 1,000 ரூபாய்க் கூடைக்கும் 40 சதவீத வரி. ஒவ்வொரு மாதிரிக் கூடையின் பட்டியலையும் ஆடிட்டரிடம் காட்டிவிட்டு விலை எழுதுங்கள். தின்பண்டம் விற்பதால், நீங்களே பொட்டலம் போட்டாலும் போடாவிட்டாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும். மில்காரர்கள் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

ஆடி பிறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. முதலில் அழிஞ்சிக் குச்சிக்கு யாரிடமாவது சொல்லி வையுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. மாதிரிக் கூடை மூன்றையும் தூக்கிக்கொண்டு முதல் சுற்றுப் போய்வந்த பிறகு எழுதுங்கள் அம்மிணி. எந்த விலைக் கூடையை அதிகம் பேர் கையில் எடுத்துப் பார்த்தார்கள் என்று தெரிந்தால், தீபாவளிக்கு எதை எத்தனை கட்டுவது என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.