அம்மாவுக்கு முதுமை மறதிநோய், பார்த்துக்கொள்ளும் நான் நொந்துபோய்விட்டேன், என்ன செய்வது?

அம்மாவைத் திட்டிவிட்டு அப்புறம் குளியலறையில் போய் அழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அழுதவள்தான். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா இரண்டு புடவையை பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு கம்பிக் கதவருகே நின்று "எங்க வீட்டுக்குப் போகணும்" என்பார், இதுதான் உங்க வீடு என்று நான் கத்தக் கத்த அவருக்குப் பயம்தான் கூடியது. பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம், வேண்டுமென்றே செய்வதில்லை. "சரிம்மா, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொல்லப் பழகிய பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

அடுத்தது ஓய்வு. பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் வாரம் இரண்டு நாள் விட்டாலும் பெரிய விஷயம்; "பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டா" என்று பேசும் சொந்தக்காரர் யாரும் ராத்திரி மூன்று மணிக்கு வந்து பார்க்கப் போவதில்லை. ஏஐசி எனும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்டால் நிலையங்கள், மானியங்கள் பற்றிச் சொல்வார்கள். 2021 வரை ஆல்சைமர்ஸ் நோய்ச் சங்கம் என்றிருந்த டிமென்ஷியா சிங்கப்பூரின் உதவி எண் 6377 0700, பராமரிப்பவர்களுக்கான ஆதரவுக் குழுவும் அங்கே உண்டு.

தம்பியிடம் "உதவி செய்" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. "ஞாயிறு 2 மணியிலிருந்து 6 மணி வரை நீ இரு" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். தூக்கமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்தே கிடந்தால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அம்மா பெயரில் இல்லை, உங்கள் பெயரில் நேரம் வாங்குங்கள்.