ஆபத்தாக வண்டி ஓட்டுபவர்கள் மீது சைக்கிள் ஓட்டுபவர்கள் புகார் கொடுக்க வேண்டுமா, போகட்டும் என்று விட்டுவிட வேண்டுமா?

கொடுங்கள். நேற்றோ முந்தாநாளோ யாரோ உங்களை உரசுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வீட்டில் சொன்னதற்கு “அதான் அடி எதுவும் படலையே, விடு” என்றிருப்பார்கள். உங்களுக்கு மனசு ஆறவில்லை. இல்லாவிட்டால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். அப்படி எதுவும் இல்லை, சும்மாதான் கேட்டேன் என்றால் சரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குப் போவது சைக்கிளில்தான், பல வருடமாக. வழியில் ஒரு மேம்பாலம் உண்டு. ஏற்றத்தில் மிதிக்கும்போது சைக்கிள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகாது, கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னால் ஒரு டெலிவரி வேன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தது. எதிரே லாரி வருவதால் முந்த இடமில்லை. நான் ஒதுங்கவும் வழியில்லை, ஓரத்தில் கைப்பிடிச் சுவர். ஆனாலும் அவர் முந்தினார். வேனின் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் டப்பென்று மோதி உள்பக்கமாக மடங்கியது. சுவரில் தோளை உரசியபடி எப்படியோ விழாமல் நின்றேன்.

பாலம் இறங்கியதும் சிக்னல். சிவப்பு. அதே வேன் அங்கேதான் நிற்கிறது. இவ்வளவு அவசரமும் அந்தச் சிவப்பு விளக்குக்குப் போய்ச் சேரத்தான். ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, மடங்கிய கண்ணாடியை விரித்து, இப்படியும் அப்படியும் அசைத்துச் சரி பார்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேனின் பின்கதவில் “இந்த வண்டி ஒழுங்காக ஓட்டப்படுகிறதா? தெரிவிக்கவும்” என்று எழுதி ஒரு போன் நம்பர், அதில் கடைசி எண்கள் தேய்ந்து போயிருந்தன!

காவல் நிலையத்தில் முதல் கேள்வி, “காயம் எங்கே?” சிவந்திருந்த முழங்கையைக் காட்டினேன். “சைக்கிளுக்கு ஏதாவது?” இல்லை. “அப்புறம் என்ன புகார்?” அடுத்து, ஹெல்மெட் போட்டிருந்தேனா என்று கேட்டார். போட்டிருந்தேன், எப்போதும் போடுவேன். ஆனால் கண்ணாடி இடித்தது முழங்கையில். கடைசியில் மனமில்லாமல் வாங்கிக்கொண்டு நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அந்த நகலோடு வேன் வைத்திருந்த நிறுவனத்துக்கும் எழுதினேன். வேலை நடந்தது அங்கேதான். அங்கிருந்து பேசியவர், அந்தப் பாதையில் ஓடும் வேன் பற்றி முன்பே ஒருவர் சொல்லியிருந்தார், வண்டி எண் இல்லாததால் எதுவும் செய்ய முடியவில்லை என்றார். அந்த ஆள் யாரோ எவரோ. அவர் சொன்னதும் நான் சொன்னதும் சேர்ந்தபோதுதான் அது ஒரு விஷயமானது. ஓட்டுநரை அந்தப் பாதையிலிருந்து மாற்றியதாகப் பிறகு தெரிவித்தார்கள்.

“ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போட்டாயே” என்று இங்கே யாராவது வருவீர்கள், தெரியும். அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பார்சலை அவர் தலையில் கட்டுகிறீர்கள், அந்த நேரக் கணக்கு பாலத்தில் பத்து வினாடி பொறுக்க விடுமா என்றும் அதே கடிதத்தில் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

அடி படவில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகாது. பிரிட்டனில் 2022 முதல் சாலை விதிக் கையேட்டிலேயே இருக்கிறது: 30 மைல் வேகம் வரை, சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும், வேகம் கூடினால் இன்னும் அதிகம். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர். காரணம் இருக்கிறது. பெரிய வண்டி வேகமாகக் கடக்கும்போது அதன் முகப்புக் காற்று முதலில் நம்மை வெளியே தள்ளும், உடனே பக்கவாட்டில் உள்ளே இழுக்கும். இடைவெளி இல்லையென்றால் மோதாமலே விழலாம். இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை 2016-ல் போலீஸ்காரர்களையே சாதாரண உடையில் சைக்கிளில் அனுப்பி, ஒட்டி முந்தியவர்களை நிறுத்தி, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தரையில் விரிப்பு போட்டுக் காட்டியது. அங்கே யாரும் “காயம் எங்கே” என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

புகார் கொடுப்பதென்றால் சூட்டோடு சூடாகக் கொடுங்கள். பிரிட்டனில் இப்படிப்பட்ட குற்றங்களுக்குப் பொதுவாக 14 நாட்களுக்குள் வண்டி உரிமையாளருக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்தாக வேண்டும். மற்ற இடங்களிலும் நாளாக ஆக யாருக்கும் அக்கறை இருக்காது. கேமரா வைத்திருந்தால் வண்டி எண்ணை அந்த நொடியே சத்தமாகப் படியுங்கள், படம் கலங்கினாலும் குரல் பதிவாகும். அகலக் கோணக் கேமராவில் வண்டி தள்ளிப் போன மாதிரித்தான் தெரியும். அதனால் ஹேண்டில்பார் முனையும் படத்தில் வரும்படி பொருத்துங்கள், தூரம் கணக்கிட அது உதவும். வீடியோவை வெட்டாமல் கொடுங்கள். முக்கியமாக, புகாருக்கு முன்னால் ஊருக்கெல்லாம் அனுப்பி வைக்காதீர்கள். சிக்னலில் எட்டிப் பிடித்துச் சண்டை போடுவதும் வேண்டாம், அவரிடம் இருப்பது ஒன்றரை டன் இரும்பு.

எல்லாவற்றுக்கும் ஓடச் சொல்லவில்லை. கவனிக்காமல் திரும்பிவிட்டு, பதறிக் கை தூக்குகிறவரை நானும் விட்டுவிடுகிறேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டும் வருகிறவரைத்தான் விடுவதில்லை.

சொல்ல வந்ததோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் அலுவலகத்தின் அடித்தளத்தில் ஒவ்வொரு காருக்கும் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறார்கள். சைக்கிளை அங்கே நிறுத்தினால் “பார்க்க நன்றாக இல்லை” என்று காவலாளி தள்ளிக்கொண்டு போய் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாயோடு சாய்த்துவிடுகிறார். அவர் என்ன செய்வார், மேலிடத்து உத்தரவு. பலமுறை எழுதிக் கொடுத்தாயிற்று. நிர்வாகத்தின் பதில்: பரிசீலனையில் உள்ளது.

கடைசியாக, “சைக்கிள்காரன் மட்டும் சிக்னலை மதிக்கிறானா” என்று கேட்கப்போகிறவர்களுக்கு: மதிக்காதவர்கள் இருக்கிறார்கள். நேரம், இடம் குறித்து அவர்கள் மேலும் புகார் கொடுங்கள். நான் பார்த்திருந்தால் சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறேன்.