நீண்ட விடுமுறையில் ஏரித்தீவுப் படகுத்துறை: கேள்வி பதில்

தொடர் விடுமுறை வந்தால் ஏரித்தீவுகளின் துறைகளில் இடம் பிடிக்க நெருக்கடிதான். அதைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: 26 அடிப் படகு. எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால் இடம் கிடைக்கும்? முன்பதிவில் என்ன விவரம் கொடுக்க வேண்டும்?

விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய நாள் காலையே போய்விடுங்கள். அது முடியாவிட்டால், இரவு தங்கிய படகுகள் இடத்தைக் காலி செய்யும் முற்பகல் வேளையில் துறைவாயில் அருகே இருங்கள். சாயங்காலம் யாரும் இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

நீளத்தைப் பதிவுச் சான்றிதழைப் பார்த்துச் சொல்லாதீர்கள். பின்னால் நீட்டியிருக்கும் நீச்சல் தளம், தூக்கி வைத்த மோட்டார், முன்னால் நங்கூரம் தொங்கும் உருளை எல்லாம் சேர்த்து அளந்தால் 26 அடி 29 ஆகிவிடும். அகலம், நீருக்குக் கீழே இருக்கும் ஆழம், எத்தனை ஆம்பியர் மின்சாரம் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். இடமே இல்லையென்றால் இருட்டுவதற்கு முன் எங்கே நங்கூரமிடுவது என்பதைக் கிளம்பும்போதே வரைபடத்தில் குறித்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, ஒற்றை அவுட்போர்டு (பின்னால் வெளியே மாட்டிய மோட்டார்), 24 அடி. பக்கக் காற்று அடித்தால் துறையில் அணைப்பதற்குள் படாத பாடு படுகிறேன். சுற்றிலும் படகுகள் வேறு. எங்கே தப்பு நடக்கிறது?

பெரும்பாலும் தப்பு துறைக்குள் நுழைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வெளியே, இடம் தாராளமாக உள்ள இடத்தில் நின்று எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். ஃபெண்டர்களை, அதாவது மோதலைத் தாங்கும் மெத்தைகளை, இரண்டு பக்கமும் தொங்க விடுங்கள். கூட்ட நாளில் எந்தப் பக்கம் அணைக்கச் சொல்வார்கள் என்பது கடைசி நிமிடத்தில் மாறும். படகின் 5 அடி நீளத்துக்கு 1 அங்குல விட்டம் என்பது ஃபெண்டர் கணக்கு. உங்களுக்கு 5 அங்குலம் போதும் என்றாலும் விடுமுறைக்கு 6 வாங்குங்கள், பக்கத்துக்குக் குறைந்தது மூன்று இருக்கட்டும். மிதக்கும் துறைக்குத் தாழ்வாகவும், பக்கத்துப் படகுக்கு உயரமாகவும் கட்ட வேண்டும். கயிறு நைலானாக இருக்கட்டும். அது இழுபட்டுக் கொடுப்பதால் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) அதிர்ச்சி குறைவு. உங்கள் படகுக்கு 10 மி.மீ. தடிமன் சரி.

இனி அணைப்பது. காற்று துறையை நோக்கித் தள்ளினால் ஒரு மீட்டர் தள்ளி, துறைக்கு இணையாகப் படகை நிறுத்துங்கள், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். துறையிலிருந்து வெளியே தள்ளினால்தான் வேலை. 30, 40 பாகைச் சாய்வில் உள்ளே வந்து, படகின் நடுக் கிளீட்டில் கட்டிய கயிற்றை, அதற்குப் பின்னால் துறையில் இருக்கும் கிளீட்டில் முதலில் மாட்டுங்கள். இதுதான் ஸ்பிரிங் கயிறு. பிறகு எஞ்சினை முன் கியரில் மிகக் குறைந்த வேகத்தில் விட்டு, ஸ்டியரிங்கைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். கயிறு படகை முன்னே போக விடாது, மோட்டார் பின்புறத்தைத் துறையோடு ஒட்டித் தள்ளும். படகு அப்படியே அணைந்து நிற்கும். மற்றக் கயிறுகளை நிதானமாகக் கட்டலாம்.

பலர் முதலில் அணியத்துக் கயிற்றைத்தான் (படகின் முன்முனைக் கயிறு) இழுக்கிறார்கள். அணியம் துறைக்கு வரும், பின்புறம் காற்றோடு வெளியே போய் அடுத்த படகில் மோதும். அதேபோல, கியர் போடாதபோது அவுட்போர்டுக்குத் திருப்பும் திறன் அநேகமாக இல்லை. ஸ்டியரிங்கை முதலில் திருப்பிவிட்டு, பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி கியர் போட்டு எடுங்கள். இடையில் கை, கால் நீட்டித் தடுக்க யாரையும் விடாதீர்கள். இரண்டு டன் படகு நிற்கும் என்று நினைத்து நீட்டிய கால் நசுங்கும். அந்த வேலைக்கு ஒருவர் கையில் தனி ஃபெண்டர் ஒன்று கொடுங்கள்.

கேள்வி: உள் எஞ்சின் படகு, ஒரே புரொப்பெல்லர். ரிவர்ஸ் போட்டாலே பின்புறம் இடப்பக்கம் இழுக்கிறதே, பழுதா?

பழுதில்லை. முன்னோக்கிப் போகும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர் ரிவர்ஸில் பின்புறத்தை இடப்பக்கம் இழுக்கும். முடிந்தால் இடப்புறம் அணைக்கும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள், நிறுத்தும்போது அந்த இழுவையே உதவும்.

கேள்வி: இடமில்லாமல் ஐந்து படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டச் சொல்கிறார்கள். நடுவில் இருப்பவர் விடியற்காலை கிளம்ப வேண்டுமென்றால்?

கேட்க வேண்டிய கேள்வி இது. கட்டும் முன்பே யார் எப்போது கிளம்புகிறார்கள் என்று பேசிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். முதலில் போகிறவர் வெளிவரிசையில் நிற்கட்டும்.

பெரிய, கனமான படகு துறைப் பக்கம். ஒவ்வொரு படகும் பக்கத்துப் படகோடு முன், பின் கயிறுகளும் இரண்டு ஸ்பிரிங் கயிறுகளும் போட வேண்டும். அதோடு, முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒவ்வொரு கயிறு நேராகத் துறைக்கே போக வேண்டும். இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அப்போது ஐந்து படகின் பாரமும் முதல் படகின் கிளீட்டுகளில் இறங்கும், திருகாணி பிடுங்கிக்கொண்டு வரும். துறைத் தூணில் ஏற்கெனவே இன்னொருவர் கயிற்றுக் கண்ணி இருந்தால், உங்கள் கண்ணியை அதற்குள் கீழிருந்து மேலே நுழைத்துத் தூணில் மாட்டுங்கள். யார் முதலில் எடுத்தாலும் மற்றவர் கயிற்றை அவிழ்க்க வேண்டியிராது. பாய்மரப் படகுகள் இருந்தால் பாய்மரங்கள் ஒரே நேரில் நிற்காமல் முன்னே பின்னே தள்ளிக் கட்டுங்கள், அலை வந்து ஆடும்போது மேலே மோதாமல் இருக்கும். மற்றவர் படகைத் தாண்டிக் கரைக்குப் போகும்போது முன்தளம் வழியாகப் போங்கள், அவர்கள் உட்காரும் இடத்தின் வழியாக வேண்டாம்.

நடுப்படகு கிளம்ப வேண்டுமென்றால் காற்று போகும் திசையிலேயே வெளியேற வேண்டும். காற்று முன்னாலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிப்படகுகளின் முன்கயிறுகள் கரையோடு இருக்கட்டும். அவற்றின் பின்கயிற்றை மட்டும் அவிழ்த்து, கிளம்பும் படகின் வெளிப்பக்கமாக அதன் அணியத்தைச் சுற்றி உள்படகுக்கோ துறைக்கோ கொண்டுபோய்ப் பிடியுங்கள். படகு பின்னோக்கி நழுவி வெளியேறியதும் அந்தக் கயிற்றை இழுத்தால் இடைவெளி மூடிவிடும். எதிர்க்காற்றில் முன்னோக்கி வெளியேறினால் முன்கயிறுகளை அவிழ்க்க வேண்டிவரும், மீதிப் படகுகள் கதவு திறப்பதுபோல் விரிந்துபோகும்.

இடிமேகம் தெரிந்தால் காற்று வரும்வரை காத்திராமல், ஒரே நங்கூரத்தில் சேர்த்துக் கட்டி நிற்கும் படகுகளைப் பிரித்து, ஆளுக்கொரு நங்கூரத்தில் நில்லுங்கள்.

கேள்வி: 4 மீட்டர் ஆழத்தில் எவ்வளவு நங்கூரக் கயிறு விட வேண்டும்?

ஆழத்தோடு நீர்மட்டத்திலிருந்து அணியம்வரை உள்ள உயரத்தையும் கூட்டுங்கள். 4 + 1 = 5 மீட்டர். இரவுக்கு ஏழு மடங்கு, 35 மீட்டர். பகலில் ஆள் படகிலேயே இருந்தால் ஐந்து மடங்கு, 25 மீட்டர். நெருக்கத்தில் கயிற்றைக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுப் பெயரும், இடம் போதாவிட்டால் வேறு இடம் தேடுவதே சரி. சங்கிலியில் நிற்கும் படகும் கயிற்றில் நிற்கும் படகும் ஒரே அளவில் சுழலாது என்பதையும் பாருங்கள். ரிவர்ஸில் மெதுவாக இழுத்துப் பார்க்கும்போது கரையில் இரண்டு அடையாளங்கள் நேர்கோட்டிலிருந்து விலகினால் நங்கூரம் பிடிக்கவில்லை. ஏரியடியில் களை அடர்த்தியென்றால் அதன் மேல் வழுக்கிக்கொண்டே வரும்.

கேள்வி: சார், குழந்தைகள் துறையிலேயே குதித்துக் குளிக்கலாமா? எல்லோரும் குளிக்கிறார்களே.

கூடாது. கரை மின்சாரம் உள்ள துறையில் ஒருபோதும் கூடாது. ஏதாவது ஒரு படகில் மின்கசிவு இருந்தால் போதும். நன்னீர் மின்சாரத்தை மோசமாகக் கடத்தும், உப்பு உள்ள மனித உடல் அதைவிட நன்றாகக் கடத்தும், ஆகவே மின்சாரம் உடல் வழியாகப் போகும். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசைகள் கட்டுப்பாட்டை இழக்கும், நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவார். யாராவது மரத்துப்போகிறது என்று கத்தினால் நீங்கள் குதிக்காதீர்கள். மின்பெட்டியின் சுவிட்சுகளை அணையுங்கள், மிதவையை எறியுங்கள், துறையை விட்டு விலகி நீந்தச் சொல்லுங்கள்.

மின்சாரம் இணைக்கும் முறை: சுவிட்சை அணைத்துவிட்டு, கம்பியின் படகுப் பக்கத்தை முதலில் மாட்டி, பிறகு கரைப் பக்கத்தை மாட்டி, கடைசியில் சுவிட்சைப் போடுங்கள். பிரிக்கும்போது தலைகீழ்.

கேள்வி: ஏரியில் கடல்போல ஓதம் (நீர் ஏறி இறங்குவது) கிடையாதே, இரவில் நீர் இறங்கிக் கயிறு விறைத்துவிட்டது. ஏன்?

காற்று ஒரே திசையில் பலமாக அடித்தால் தண்ணீர் ஒரு கரையில் குவியும், மறுகரையில் வற்றும். காற்று தணிந்ததும் திரும்பி ஊசலாடும். வட அமெரிக்காவின் ஈரி ஏரியில், தென்மேற்குக் காற்றில் மேற்கு முனை நீர்மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் இறங்குவது உண்டு, அந்த ஏரி ஆழம் குறைந்தது. மிதக்காத, நிலைத்த துறையில் கயிற்றை நீளமாக, சாய்வாகக் கட்டுங்கள்.

கேள்வி: பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் இரவு முழுக்க ஓடுகிறது. சத்தம் மட்டும்தானா பிரச்சினை?

இல்லை. படகுகள் ஒட்டி நிற்கும்போது அந்தப் புகையின் கார்பன் மோனாக்சைடு உங்கள் அறைக்குள் வரும். மணம் கிடையாது. தலைவலி, குமட்டல் வந்தால் உடனே வெளியே வாருங்கள். தூங்கும் அறையில் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது பின்புற நீச்சல் தளத்தில் யாரும் உட்காரக் கூடாது.

கேள்வி: எரிபொருள் எங்கே நிரப்புவது?

புறப்படும் ஊரிலேயே. தீவில் வரிசை நீளும். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. நிரப்பும்போது எல்லோரையும் இறக்கிவிட்டு, கதவு, சன்னல்களை மூடுங்கள். பெட்ரோல் உள் எஞ்சின் என்றால் ஊதியை (எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறி) நான்கு நிமிடம் ஓட்டி, எஞ்சின் அறையை முகர்ந்து பார்த்த பிறகே கிளப்புங்கள்.