சார்ஜிங் போர்ட் முன்னாலா பின்னாலா? முதலில் உங்கள் வாசலைப் பாருங்கள்

கேள்வி: கீழக்கரையில் எங்கள் வீடு சந்துக்குள் இருக்கிறது. ஷெட் கிடையாது, கார் வாசலை ஒட்டித்தான் நிற்கும். எலக்ட்ரிக் கார் வாங்கலாம் என்று இரண்டு மாடல் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் சார்ஜ் வயரைக் குத்துகிற சார்ஜிங் போர்ட் மூக்கில் இருக்கிறது, இன்னொன்றில் பின்பக்கம், பெட்ரோல் மூடி வருகிற இடத்தில். வாப்பாவை மாதம் இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஷோரூமில் கேட்டால் "அதெல்லாம் பழகிடும் சார்" என்கிறார்கள். உண்மையிலேயே அது பெரிய விஷயம் இல்லையா?

பதில்: பெரிய விஷயம்தான். பெட்ரோல் காருக்கு மூடி எந்தப் பக்கம் இருந்தாலும் கவலையில்லை, மாதத்தில் நாலு தடவை பங்க்குக்குப் போவோம், அங்கே ஆள் நிற்கிறார், குழாயை இழுத்துப் போட்டுவிடுவார். இது அப்படியில்லை. ஒருநாள் விட்டு ஒருநாளாவது ராத்திரி நீங்களே சார்ஜர் வயரின் முனையில் இருக்கிற கைப்பிடியை, அதாவது கன்னை, தூக்கிக்கொண்டு போய்க் குத்த வேண்டும், காலையில் கழற்ற வேண்டும், அதுவும் உங்கள் வீட்டுச் சுவருக்கும் காருக்கும் நடுவில் கிடக்கிற இடத்துக்குள்ளேயே.

பக்கவாட்டில் போர்ட் இருக்கிற காரைச் சந்தில் நிறுத்தினால் என்ன ஆகிறது பாருங்கள். மற்றவர்கள் போக வழி விடுவதற்காகக் கண்ணாடியை மடக்கி, சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளியில் காரை ஒட்டி நிறுத்துவோம். போர்ட் சுவர்ப் பக்கம் இருந்தால் மூடி முழுதாகத் திறக்காது, திறந்தாலும் கன்னும் கையும் உள்ளே போகாது, அதற்குக் குறைந்தது ஒன்றரை அடி வேண்டும். திருப்பி நிறுத்தினால் போர்ட் தெருப் பக்கம் வந்துவிடும். அப்போது கன் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், போகிற பைக்கின் ஹேண்டில் பார் பட்டால் உடைவது கன் மட்டும் இல்லை, காரில் இருக்கும் சாக்கெட்டும்தான். அதனால் உங்கள் சந்துக்கு மூக்கில் போர்ட் இருக்கிற காரையே எடுங்கள் என்பேன். முன்னால் இரண்டடி விட்டு நிறுத்தினால் போதும், எந்தப் பக்கச் சுவரும் தொந்தரவு இல்லை.

ஏன் கம்பெனிகள் ஆளுக்கொரு இடத்தில் வைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். டாடா நெக்ஸான் இவி பெட்ரோல் காரிலிருந்து வந்தது, பெட்ரோல் மூடிக்கு ஏற்கெனவே தகட்டில் வெட்டிய இடம் இருந்தது, அதிலேயே சார்ஜ் போர்ட்டை வைத்தார்கள். 2024இல் பஞ்ச் இவி வந்தபோது அதே கம்பெனி போர்ட்டை முன்னால் கொண்டுவந்தது. 2025இல் வந்த ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கிலும் முன்னால்தான். எம்ஜி இசட்எஸ் இவியில் முதலில் லோகோவுக்குப் பின்னாலேயே இருந்தது. டெஸ்லா எங்கே விற்றாலும் இடது பின் விளக்கின் ஓரம்தான். அமெரிக்காவில் அது டிரைவர் பக்கம். நம் ஊரில் இடது ஓரமாக நிறுத்துவதால் அது நடைபாதைப் பக்கம் ஆகிவிடுகிறது, நமக்கு நல்லதுதான்.

மதுரைக்குப் போய் வர 260 கிலோமீட்டர் பக்கம் வரும். ஏசி, வயசானவர், ஆஸ்பத்திரியில் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் வழியில் ஒரு தடவை ஃபாஸ்ட் சார்ஜ் போட வேண்டியிருக்கும் என்றே கணக்கு வையுங்கள். சார்ஜிங் ஸ்டேஷனில் மூக்குப் போர்ட் என்றால் நேராக நுழைத்து நிறுத்தலாம், பின்பக்கப் போர்ட் என்றால் ரிவர்ஸில் ஏற்ற வேண்டும். கேமரா இருக்கிறதே என்பீர்கள், சரி, பகலில் பரவாயில்லை. ஆனால் ஃபாஸ்ட் சார்ஜரின் டிசி கேபிள் கனமானது, வளையவும் மாட்டேன் என்னும். போர்ட் தப்பான மூலையில் இருந்தால் அதை பானெட்டுக்கு மேலே இழுத்துக்கொண்டு போகிறார்கள், மணல் ஒட்டிய கேபிள் பெயின்ட்டில் கோடு போட்டுவிடும்.

மூக்குப் போர்ட்டில் ஒரு குறை உண்டு, அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முன்னால் லேசாக இடித்தாலும் மூடி வளைந்து சார்ஜ் போட முடியாமல் போகலாம், மாடு குறுக்கே வருகிற ரோடு நம்முடையது. சாதாரண இன்ஷூரன்ஸில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். அதனால் அப்படித் தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி போடுங்கள்.

கேள்வி: அண்ணே, நான் தங்கச்சிமடம். வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். இங்கே கேட் கீல், ஜன்னல் கம்பி எல்லாம் இரண்டு வருஷத்தில் துரு ஏறிவிடும். சார்ஜிங் போர்ட் தாங்குமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது தம்பி. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்களே, உப்புக் காற்று அரித்ததுதான் அதற்குப் பெரிய காரணம். அந்தக் காற்றுதான் உங்கள் காரின் மேலும் வீசுகிறது.

போன மாதம் பாம்பனில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காரின் போர்ட் மூடியைத் திறந்து பார்த்தேன். கார் வாங்கி ஒன்றரை வருஷம். மூடியின் கீல் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, ரப்பர் ஓரத்தில் பொடி மணல், அடியில் தண்ணீர் வடிவதற்கு இருக்கிற சின்ன ஓட்டையை அந்த மணல் அடைத்திருந்தது. உள்ளே கரண்ட் போகிற உலோகப் பின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கன்னைப் பிடித்து நிறுத்துகிற பூட்டு முள் இறுகிப்போய், அன்று காலை கன் கழலவே இல்லை. அரை மணி நேரம் அவர் மகன் இழுத்துப் பார்த்திருக்கிறான். பல கார்களில் இதற்காகவே அவசரத்துக்கு இழுக்கிற ஒரு கயிறோ கொக்கியோ டிக்கியிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும். கார் எடுக்கும் அன்றே அது எங்கே என்று காட்டச் சொல்லி, நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

உப்புப் படலம் அந்தப் பின்களில் ஏறினால் கரண்ட் போவதற்குத் தடை கூடும், அந்த இடம் சூடாகும், சூட்டை உணர்ந்து கார் தானாகவே சார்ஜ் வேகத்தைக் குறைக்கும். "முன்ன மாதிரி ஏறல" என்றால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் போர்ட்டைத் திறந்து பாருங்கள்.

நம் ஆட்கள் கடலுக்குப் போய் வந்தால் படகின் அவுட்போர்டு இன்ஜினை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் வைப்பதில்லை. காருக்கும் அந்தப் புத்திதான் வேண்டும், ஆனால் போர்ட்டுக்குள் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். மூடியை மூடிவிட்டு வெளியே கழுவுங்கள், காய்ந்த பிறகு மூடியைத் திறந்து கீலையும் ரப்பரையும் காய்ந்த துணியால் துடையுங்கள், ஓட்டையில் மணல் இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், அதுவும் கன் குத்தாத நேரத்தில் மட்டும். பின்களில் கிரீஸ், எண்ணெய், துரு ஸ்பிரே எதுவும் வேண்டாம், மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய் வந்த நாளில் இதைக் கட்டாயம் செய்யுங்கள், அங்கே காற்றோடு மணலும் அடிக்கும்.

முன்னால் போர்ட் இருந்தால் ஓடும்போது காற்று நேரே மூடியில் மோதும், அதனால் ஷோரூமில் ரப்பர் சீல் முழுச் சுற்றும் இருக்கிறதா, மூடி இரண்டு பக்கமும் சமமாக அமர்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உங்களுக்கு இடம் தாராளமாக இருக்கிறது என்பதால் இடது பக்கப் போர்ட் கிடைத்தால் அதை எடுங்கள். மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதத்தில் ஒரு மாதிரி, வடக்கிலிருந்து வாடை அடிக்கும்போது ஒரு மாதிரி என்று காரைத் திருப்பி, போர்ட் வீட்டுச் சுவரின் மறைவில் வருகிற மாதிரி நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: உச்சிப்புளியிலிருந்து எழுதுகிறேன். பிளக் பாயின்ட் வீட்டின் பின்கட்டில் இருக்கிறது, கார் முன்னால் நிற்கிறது. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஏழெட்டு மணி நேரம் விடாமல் கரண்ட் இழுக்கும், சாதாரண எக்ஸ்டென்ஷன் உருகிவிடும். காருடன் வரும் கேபிள் பெரும்பாலும் 5 மீட்டர் பக்கம்தான். கார் நிற்கும் இடத்தில் அதன் போர்ட்டிலிருந்து டேப்பால் அளந்து, கேபிள் எட்டும் தூரத்துக்குள் 15 ஆம்ப் பாயின்ட் ஒன்றைத் தனி வயரிலேயே இழுக்கச் சொல்லுங்கள். எர்த்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் ஏற்றவே மாட்டா. நம் பக்கம் மேல் மணல் காய்ந்து கிடக்கும், அங்கே எர்த் எடுக்காது, ஈரம் தட்டும் ஆழம் வரை எர்த் குழாயை இறக்க வேண்டும். அந்த ஈரம் உப்பு ஈரம், குழாயை மெதுவாகத் தின்னும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்த்துவிடுங்கள்.