பெட்டிக்குள் உதிர்ந்த காலணி: 189 வெள்ளியா, 550 வெள்ளியா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்பூட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். அக்காவின் திருமணத்துக்காக 189 வெள்ளிக்கு (ரிங்கிட்) கறுப்புக் காலணி ஒன்று வாங்கினேன். நான்கைந்து முறைதான் போட்டிருப்பேன். பிறகு பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து, பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்குப் போட்டுக்கொண்டு போனால், மண்டபத்தில் நடக்க நடக்க அடிப்பாகம் கட்டி கட்டியாக உதிர்ந்துவிட்டது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. 550 வெள்ளி கொடுத்து வாங்கினால் பத்து ஆண்டுக்குக் கவலை இல்லை என்கிறார் மைத்துனர். நான் தினமும் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறவன். எதை வாங்குவது? நல்ல காலணியைக் கடையில் எப்படி அடையாளம் காண்பது?

பதில்: தம்பி, உங்கள் காலணி போட்டுத் தேய்ந்து கெடவில்லை. போடாமல் பூட்டி வைத்ததால் கெட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இதே முகவாட்டத்தோடு, இதே மாதிரி உதிர்ந்த காலணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். “நான்கு முறைதான் போட்டேன்” என்று எல்லாரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். இந்த ஊர்க் கடைவீதியில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் காலணி விற்கிறேன், பழுதும் பார்க்கிறேன். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

இன்று விற்கும் நடுத்தர விலைக் காலணிகளில் பெரும்பாலானவற்றின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆனது. கடைக்காரர்கள் பி.யு. என்று சொல்வார்கள். எடை குறைவு, கால் வைத்தால் மெத்தென்று இருக்கும், அச்சில் ஊற்றி எடுக்கச் செலவும் குறைவு. அதனால் தொழிற்சாலைகளுக்கு அதன் மேல் பிரியம். ஆனால் அதன் பல வகைகளுக்குக் காற்றில் உள்ள ஈரமே பகை. நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து அந்தப் பொருளின் இரசாயனப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போகும். வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாள் உடல் எடை அதன் மேல் விழும்போது, நமத்துப் போன பிஸ்கட் போல நொறுங்கும். நீங்கள் விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் ஒட்டும் பிசுபிசுப்பையும் உணர்ந்திருப்பீர்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். நம் ஊரில் அந்த இரண்டும் பன்னிரண்டு மாதமும் உண்டு. மூடிய அட்டைப்பெட்டி ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. அடிக்கடி நடந்தால் அடிப்பாகம் அமுங்கி விரிந்து கொஞ்சம் ஈரம் வெளியேறவாவது வழியுண்டு. பெட்டிக்குள் அதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளில் தொடங்குவதில்லை, தொழிற்சாலையில் அச்சிலிருந்து எடுத்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. கடைப் பின்னறையில் இரண்டு ஆண்டு கிடந்த சரக்கு பாதி விலைக்கு வந்தால், அதன் ஆயுளும் பாதியாகத்தான் வந்திருக்கும். கழிவு விற்பனையில் பி.யு. அடிப்பாகக் காலணி வாங்க வேண்டாம் என்று என் சொந்தத் தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே நம் ஊரில் காலணி வாங்கும்போது முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது அடிப்பாகத்தை. மேல்தோலின் பளபளப்பைப் பார்த்து மயங்கினால் இப்படித்தான் முடியும். ரப்பர் அடிப்பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் கையில் கனமாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் குழிந்து உடனே மீண்டு வரும். பளிங்குத் தரையில் தேய்த்தால் பிடித்து நிற்கும். பி.யு. அடிப்பாகம் பார்க்கத் தடிமனாக இருக்கும், தூக்கினால் காற்றுப் போல இருக்கும். அடியில் அல்லது உள்ளே உள்ள சிறு அடையாளத்திலேயே பொருளின் பெயர் சில நேரம் அச்சாகியிருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள். டி.பி.ஆர். என்று போட்டிருந்தால், அது ரப்பர் போன்ற ஒரு செயற்கைப் பொருள்; ரப்பரைவிடச் சற்று வேகமாகத் தேயும், ஆனால் இப்படி உதிராது. ரப்பருக்கும் முதுமை உண்டு, இறுகும், வெடிப்பு விழும். ஆனால் அது மெதுவாக, கண்ணுக்குத் தெரிந்து வரும். மண்டபத்தின் நடுவில் காலை வாராது.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் நெற்றி விளக்கோடு போய், பத்து மணிக்குப் பால் வாளியோடு திரும்புவார். இங்கிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் கோலகங்சாரில், மாவட்ட நில அலுவலகத்தின் அருகில், 1877ஆம் ஆண்டு நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் ரப்பரின் குணம் நம் வீடுகளுக்குத் தெரியும். காலணி வாங்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அடுத்து, அடிப்பாகம் மேலோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது. மூன்று வழிகள் உண்டு. மலிவானது பசை. அழுத்தி ஒட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். நல்ல பசையாக இருந்தால் அதிலும் குற்றம் இல்லை. இரண்டாவது, உள்ளிருந்து அடிப்பாகம்வரை ஒரே தையல் போடுவது. லைமன் பிளேக் என்ற அமெரிக்கர் 1858ஆம் ஆண்டு அதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார், அதனால் பிளேக் தையல் என்று பெயர். மெல்லிய, வளையும் காலணி கிடைக்கும். ஆனால் தையல் நேராக அடிவரை இறங்குவதால் மழைநீர் நூல் வழியே ஏற வாய்ப்புண்டு. மூன்றாவது, மைத்துனர் சொல்லும் 550 வெள்ளிக் காலணியில் இருக்கக்கூடிய குட்இயர் வெல்ட். மேல்தோலையும் உள்அடியையும் ஒரு தோல் வாரோடு முதலில் தைத்து, பிறகு அந்த வாரை அடிப்பாகத்தோடு தனியாகத் தைப்பார்கள். அடி தேய்ந்தால் வெளித்தையலைப் பிரித்துப் புது அடி வைக்கலாம், மேல்தோலுக்குச் சேதம் இல்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியை 1839ஆம் ஆண்டு கண்டறிந்த சார்லஸ் குட்இயரின் மகன், 1870களில் இந்தத் தையல் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். தந்தை ரப்பரை உழைக்கும் பொருளாக்கினார், மகன் காலணியைப் பிரித்துக் கட்டக்கூடியதாக்கினார். இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் தனி மரியாதை.

ஆனால் ஏமாற்று வேலையும் இங்கேதான் நடக்கிறது. காலணியின் ஓரத்தைச் சுற்றி அழகாகத் தையல் ஓடும், விற்பவர் “தைத்த காலணி” என்பார். கூர்ந்து பார்த்தால் அது அச்சில் வார்த்த கோடாக இருக்கும், அல்லது வெறும் ஓரப்பட்டையில் மட்டும் ஓடும் நூலாக இருக்கும். அடிப்பாகத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காலணியைத் திருப்புங்கள். உண்மைத் தையலானால் அடியிலும் நூலின் தடமோ, அதை மறைத்த பள்ளமோ தெரியும். ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாக விலக்கிப் பார்த்தால் நூல் ஆழமாக இறங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். இதற்குக் கூச்சப்படாதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மேல்தோலுக்கு வருகிறேன். முன்பகுதியை, விரல்கள் மடங்கும் இடத்தில், மெதுவாக மடக்குங்கள். மேற்பரப்பைச் சீவாத நல்ல முழுத்தோலில் மெல்லிய, நெருக்கமான சுருக்கங்கள் விழும், விட்டதும் தணியும். சீவிச் சமன் செய்து மேலே தடித்த பூச்சுப் பூசிய தோலில் சுருக்கம் பெரிதாக, காற்றுப் புகுந்தது போல உப்பும். ஒரு மாதம் நடந்தால் அந்த இடத்தில் பூச்சு வெடிக்கும். துணியின் மேல் பி.யு. பூசிய செயற்கைத் தோலுக்கும், அடிப்பாகத்துக்கு வந்த அதே நோய் வரும். பாம்புச் சட்டை போல உரியும். நாக்குப் பகுதியின் வெட்டு விளிம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். தோலானால் சொரசொரப்பான நார்கள் தெரியும், செயற்கையானால் துணி நூல் தெரியும். “அசல் தோல்” என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். தோலின் அடிப்படலத்தைச் சீவி எடுத்துப் பூச்சுப் பூசினாலும் அதுவும் தோல்தான், முத்திரையில் பொய் இல்லை. உழைப்பில்தான் வேறுபாடு.

பின்பக்கம், குதிகாலைப் பிடிக்கும் கோப்பையை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். இது மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு முக்கியம். நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை காலணியைக் கழற்றி மாட்டுகிறோம்! வீட்டு வாசலில், கோவில் வாசலில், உறவினர் வீட்டில், தொழுகையறை உள்ள நண்பர் அலுவலகத்தில். அவசரத்தில் கயிற்றை அவிழ்க்காமல் காலைத் திணிக்கிறோம். பின்பக்கம் மடிந்து, ஆறு மாதத்தில் கூழாகிவிடுகிறது. என் மேசைக்கு வரும் ஆண்கள் காலணியில் பாதிக்குமேல் அடிப்பாகம் நன்றாக இருக்கும், குதிகாலின் உள்துணிதான் கிழிந்திருக்கும். இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் காலணிக் கரண்டி ஒன்றைப் பள்ளிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் கயிறு இல்லாத, நுழைத்துப் போடும் வகையை வாங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு. 550 வெள்ளிக் காலணி நல்ல பொருளாக இருக்கலாம். ஆனால் அதன் முழுப் பலனும் அடி மாற்றும்போதுதான் கிடைக்கும். அந்தத் தையலைப் பிரித்து முறையாகப் புது அடி தைக்க என் கடையில் இயந்திரம் இல்லை. என்னிடம் வருகிறவற்றைக் கோலாலம்பூருக்குத்தான் அனுப்புகிறேன், கூலி ஒரு சாதாரணக் காலணியின் விலையை நெருங்கிவிடும். அதோடு, அந்த விலையில் பல காலணிகளுக்குத் தோல் அடி இருக்கும். மாலை மழையில் நனைந்த மொசைக் தரையில் தோல் அடியோடு ஓடிப்பாருங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வழுக்கும், ஈரத்தை உறிஞ்சும், தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும். மோட்டார் சைக்கிளில் கியர் மிதிக்கும் இடது கால் வேறு, ஒரு மழைக்காலத்திலேயே தடம் பதித்துவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், 200 வெள்ளி அளவில் இரண்டு ஜோடி வாங்குவேன். மேலே முழுத்தோல், உள்ளேயும் முடிந்தவரை தோல், கீழே ரப்பர், பசையோடு ஓரத்தில் உண்மைத் தையலும் இருந்தால் மிக நல்லது. ஒன்றைப் போட்டால் மறுநாள் மற்றதைப் போடுங்கள். பாதத்தின் வேர்வை தோலுக்குள் இறங்கியிருக்கும், அது காய ஒரு முழு நாள் வேண்டும். நாள்தோறும் போடும் ஒரே ஜோடி என் வாடிக்கையாளர்களிடம் ஓராண்டைத் தாண்டத் திணறுகிறது. மாற்றி மாற்றிப் போடும் இரண்டு ஜோடி மூன்று ஆண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். நானூறு வெள்ளிக்கு மூன்று ஆண்டு என்றால் மாதம் பதினொரு வெள்ளிச் சொச்சம். உங்கள் 189 வெள்ளிக் காலணியை ஐந்து முறை போட்டீர்கள் என்று வைத்தாலும், ஒரு முறைக்கு முப்பத்தேழு வெள்ளிக்கும் மேல் ஆகியிருக்கிறது. திருமணத்துக்கென்று தனிக் காலணி வைக்காதீர்கள். இரண்டில் புதியதை மெருகேற்றிப் போட்டுக்கொண்டு போங்கள்.

மாலையில் கடைக்குப் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. பள்ளிக்குப் போடும் காலுறையோடு போங்கள்.

நனைந்தால் பழைய நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்தால் தோல் எண்ணெய் வற்றி வெடிக்கும். பெட்டியைத் தூக்கிப் போடுங்கள், திறந்த அடுக்கில் வையுங்கள். வெண்பூஞ்சை படிந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பாலிஷ் போடுங்கள். குதியின் அடித்தட்டு வெளி ஓரத்தில் தேயத் தொடங்கியதும் கொண்டு வாருங்கள். அப்போது மாற்றினால் பத்து நிமிட வேலை. கட்டைவரை தேய்ந்த பிறகு வந்தால் குதி முழுவதையும் மாற்ற வேண்டும்.

உதிர்ந்த அந்தக் கறுப்புக் காலணியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மேல்தோல் நல்லதாக இருந்தால் ரப்பர் அடி ஒட்டித் தர முடியும். வீட்டில் நீங்களே பசை வாங்கி ஒட்ட முயல வேண்டாம். உளுத்த பி.யு.வின் பிசுபிசுப்பு ஒரு துளி மிச்சம் இருந்தாலும் எந்தப் பசையும் பிடிக்காது. அதைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான தோல் தெரியும்வரை கொண்டுவர வேண்டும். அந்த வேலைதான் நேரம் பிடிக்கும். பிறகு இரு பக்கமும் பசை பூசி, கை ஒட்டாத பதம் வரும்வரை காய விட்டு, சேர்த்து அழுத்தி, ஒரு நாள் இறுக்கி வைக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பழுதுக்கடையில் கொடுக்கும்போது “பழைய அடியை முழுக்கச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்” என்று மறக்காமல் சொல்லுங்கள்.