கத்திரி வெயிலில் சென்னைக்குள்ளேயே குழந்தைகளோடு எங்கே போகலாம்? பறவை, விலங்கு ஏதாவது பார்க்கக் கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். மே மாதம் பார்க்க ஒன்றுமே இருக்காது என்று பறவை பார்க்கிறவர்களே சிலர் சொல்வார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் ஏப்ரலுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும், அதனால் அப்படி ஒரு பேச்சு. விருந்தாளிகள் போனால் என்ன, வீட்டுக்காரர்கள் இங்கேதானே இருக்கிறார்கள்? காக்கை, குயில், ஆள்காட்டிக் குருவி, ஓணான் எல்லாம் குடும்பம் நடத்தும் காலம் இது. ஐந்தாறு வருடமாக மே மாதத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறேன். எங்களுக்கு டிசம்பரைவிட இந்த மாதம்தான் பிடிக்கும்.

முதலில் நேரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் பதினொரு மணிக்குப் போனோம். மான்கள் நிழலை விட்டு அசையவில்லை, மகளுக்கு அன்று சாயங்காலமே தலைவலி. இப்போது காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் வீடு. மாலை என்றால் ஐந்துக்கு மேல்தான். மதியவாக்கில் கடற்காற்று ஊருக்குள் வந்துவிட்டால் சாயங்காலம் நடக்கச் சுகமாக இருக்கும். காற்று வரத் தாமதமாகிற நாளில்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அன்று பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

கிண்டிக்குப் போவதென்றால் பூங்கா திறந்த கையோடு போய்விடுங்கள். அதை ஒட்டியே இருக்கும் தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். இத்தனை பெரிய நகரத்தின் நடுவில், அந்தச் சின்னக் காட்டில் வெளிமான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன என்பதைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாக இருப்பது ஆண் வெளிமான்.

ஆனால் நான் முதலில் காட்டச் சொல்வது உங்கள் தெருவிலேயே இருக்கும் காக்கைக் கூட்டைத்தான். எங்கள் தெரு வாதாம் மரத்தில் ஒன்று இருக்கிறது, மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கண் மட்டத்துக்கு வரும். பாதி சுள்ளி, பாதி கம்பித் துண்டு. விடியற்காலையில் பக்கத்து வேப்பமரத்திலிருந்து கறுப்பு ஆண் குயில் விடாமல் கூவும். காக்கைகள் இரண்டும் பொறுக்க முடியாமல் அதை விரட்டிக்கொண்டு பறக்கும். போன வருடம் அப்படி அவை நகர்ந்த நேரத்தில், உடம்பெல்லாம் புள்ளி போட்ட பழுப்புப் பெண் குயில் இலைகளுக்குள்ளிருந்து வந்து கூட்டில் உட்கார்ந்தது. சில நொடிதான், எழுந்து போய்விட்டது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும், அதனால் இரை வாங்குவதில் குயில் குஞ்சு முந்திக்கொள்ளும். ஜூன் மாதம் மதில்மேல் ஒரு காக்கை, தன் ஜாடையே இல்லாத குஞ்சின் வாயில் சோற்றுப் பருக்கையைத் திணித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தோம்.

அடுத்தது ஆள்காட்டி. பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலைகளில் மெதுவாகப் போனால் குரலே இடத்தைக் காட்டிவிடும். கூடு என்று எதையும் கட்டாது, சரளைக் கற்களுக்கு நடுவே மூன்று நான்கு முட்டையிடும். முட்டையும் கல் மாதிரியே இருப்பதால் இறங்கி நடக்க வேண்டாம், காலில் மிதிபட்டுவிடும். வண்டிக்குள் இருந்தபடியே பாருங்கள். ஒரு நாள் எட்டு மணி வெயிலில், ஆள்காட்டி ஒன்று தேங்கிய தண்ணீரில் இறங்கி வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டது. சொட்டச் சொட்ட நடந்துவந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க அது செய்யும் ஏற்பாடு இது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தண்ணீருக்குப் போனது. நாங்கள் இருந்த முக்கால் மணி நேரமும் இதே வேலைதான்.

ஓணானையும் விட்டுவிடாதீர்கள். இந்த மாதங்களில் ஆண் ஓணானுக்குத் தலையும் கழுத்தும் சிவந்து போயிருக்கும், மதில்மேல் தண்டால் எடுக்கிற மாதிரி உடம்பை ஏற்றி இறக்கும். நாங்கள் சிறுவயதில் ஓணானைக் கண்டால் கல்லெடுத்தவர்கள். இப்போது நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. மகள் அசையாமல் உட்கார்ந்து அதைப் பார்ப்பதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

மாலைக்கு, பொந்து விழுந்த தூங்குமூஞ்சி மரங்கள் உள்ள பழைய தெருக்கள் போதும். விளக்கு எரியும் நேரத்தில் புள்ளி ஆந்தை வெளியே வந்து தலையை ஆட்டி ஆட்டி நம்மைப் பார்க்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் கூட்டம் இல்லாத பக்கமாகப் போனால் மணல் நண்டுகள் வளைக்குள் ஓடுவதைப் பார்க்கலாம்.

தண்ணீர், தொப்பி மறக்க வேண்டாம். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேலே சொன்ன எதற்கும் அது அவசியமில்லை. திரும்பும் வழியில் நுங்கு வாங்கிக் கொடுங்கள், அடுத்த நாள் அவர்களே உங்களை எழுப்பிவிடுவார்கள்.

அப்புறம் ஒன்று. இந்த மாதத்தில் மரத்தடியில் காக்கை, மைனா குஞ்சு கிடந்தால் வீட்டுக்கு எடுத்து வந்துவிடாதீர்கள். இறகு முளைத்த குஞ்சு பெரும்பாலும் பறக்கப் பழகுவதுதான், தாய் பக்கத்திலேயே இருக்கும். நாயோ பூனையோ வரும் இடமாக இருந்தால் மெதுவாக எடுத்துக் கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நாம் கையால் தொட்டதால் தாய் ஒதுக்கிவிடாது. காக்கை தலையில் ஒரு தட்டு தட்டத்தான் செய்யும், அதனால் தொப்பியைக் கழற்றாமல் செய்யுங்கள்.