செஃபலூவில் நான்கு நாள்: வாசகர் கேள்விகள்

இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் வடகரையில் இருக்கும் செஃபலூ ஊரில் நானும் மனைவியும் ஜூன் மாதம் நான்கு நாள் தங்கியதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

கே: அவ்வளவு செலவு செய்து போய், ஒரே சின்ன ஊரில் நான்கு நாளா? ரோம், வெனிஸ் பார்த்திருக்கலாமே சார்? - வாசகி, ஸ்ரீரங்கம்

ப: முதல் நாள் மனைவியும் இதையேதான் கேட்டாள். பலேர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் 270 மீட்டர் உயரப் பாறை, நடுவில் நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கிய தேவாலயம். அரை நாள் போதும்தான். நாங்கள் அந்தத் தேவாலயத்துக்கே மூன்று தடவை போனோம்.

பீடத்துக்குப் பின்னால், அரைக்கோள வளைவு முழுக்கத் தங்க நிறத்தில் ஒரு கிறிஸ்து. மொசைக் என்றால் நமக்கு வீட்டுத் தரைதான் ஞாபகம் வரும்; இது சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து 1148இல் முடித்தது. கையில் விரித்த புத்தகத்தில் ‘உலகின் ஒளி நானே’ என்ற வசனம், ஒரு பக்கம் கிரேக்கத்தில், மறுபக்கம் லத்தீனில். இரண்டு மொழிக்காரர்களும் அந்த மன்னரின் குடிமக்கள். முதல் தடவை கூட்டத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம். நெற்றியில் இரண்டு முடிக்கீற்று தனியாக விழுந்திருப்பதை மனைவி கண்டுபிடித்தது மூன்றாம் தடவை போனபோது.

கே: சைவம் கிடைக்குமா? - வாசகர், மதுரை

ப: கத்தரிக்காய் பிடிக்குமென்றால் கவலையே இல்லை. வறுத்த கத்தரிக்காய், தக்காளி, மேலே உப்புப் போட்ட ரிக்கோட்டா சீஸ் துருவலோடு ‘நோர்மா’ பாஸ்தா. அப்புறம் கப்பொனாத்தா: கத்தரிக்காயோடு ஆலிவ், வினிகர், கொஞ்சம் சர்க்கரை. நம் கொத்சுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எலுமிச்சை கிரானீட்டாவில் பன்னைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டோம். ஐஸைத் தொட்டுக்கொண்டு பன்னா என்று சிரித்த மனைவிதான் மறுநாள் இரண்டு கேட்டாள். ஒரு எச்சரிக்கை: ‘சென்சா கார்னே’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தம். மீன் அந்தக் கணக்கில் வராது. ‘சென்சா பேஷே’ என்றும் சொல்லிவிடுங்கள்.

கே: நீச்சல் தெரியாதவர்கள் கடலில் இறங்கலாமா? - வாசகி, நாகர்கோவில்

ப: எனக்கும் தெரியாது. நம் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது கடலாகவே படவில்லை. நாங்கள் இருந்த நான்கு நாளும் அலை காலை நக்கிவிட்டுப் போனதோடு சரி. மத்தியதரைக் கடல் பெருங்கடலோடு சேரும் ஜிப்ரால்டர் வாய் குறுகலான இடத்தில் 14 கிலோமீட்டர்தான் என்பதால், ஏற்ற வற்றமும் பெரிதாக இல்லை. காலையில் செருப்பைக் கழற்றிவிட்ட இடம் மாலையிலும் காய்ந்தே இருந்தது. உப்பு அதிகம், அதனால் உடம்பு தானாக மேலே வருகிறது. இடுப்பளவுத் தண்ணீரில், மனைவி தலைக்கடியில் கை கொடுக்க, 63 வயதில் முதல் முறையாக மல்லாந்து மிதந்தேன். அவள் எப்போது கையை எடுத்தாள் என்று தெரியாது. காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் இறங்காதீர்கள்.

கே: எங்கேயாவது பணத்தை விட்டீர்களா? - வாசகர், ஈரோடு

ப: ரயிலில். காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். நான் பத்திரமாகப் பர்ஸில் வைத்திருந்தேன். அபராதம்.

கே: அந்தப் பாறை மேல் ஏறினீர்களா? - வாசகி, சேலம்

ப: பாதி. பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய டயானா கோயில் வரை வந்ததும் முட்டி மறுத்துவிட்டது. மனைவி உச்சிக் கோட்டை வரை போய்விட்டு வந்தாள். மேலே என்ன தெரிந்தது என்று கேட்டேன். “ஊர் முழுக்கத் தெரிந்தது. நீங்கள் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்ததும் தெரிந்தது” என்றாள்.